டெக்சாஸ் ஆபீசும் துப்பாக்கியும்: கேள்வி பதில்

ஃபிரிஸ்கோவிலிருந்து: கிரீன் கார்டு, கைத்துப்பாக்கி லைசென்ஸ் இரண்டும் இருக்கிறது. வளாகத்துக்குள் துப்பாக்கியே கூடாது என்கிறது எங்கள் ஆபீஸ். காரில் பூட்டி வைக்கலாமா?

வைக்கலாம். சொந்தக் காரில் பூட்டி, ஆபீஸ் பார்க்கிங்கில் வைப்பதை முதலாளி தடுக்க முடியாது. 2011 செப்டம்பரிலிருந்து மாநிலத் தொழிலாளர் சட்டத்தின் 52.061-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பள்ளிகள், சில ரசாயன ஆலைகள் விதிவிலக்கு. ஆனால் அந்தப் பாதுகாப்பு கார்க் கதவோடு சரி. கட்டடத்துக்குள் கொண்டுவராதே என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. லைசென்ஸ் இல்லாமலே எடுத்துச் செல்லலாம் என்று 2021-இல் வந்த சட்டமும் இதை மாற்றவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டு லிஃப்டில் ஏறி, வேலை போனால் யாரையும் நோக முடியாது.

கம்பெனி கொடுத்த கார் என்றால்?

தடை போடலாம். கார் அவர்களுடையது.

இர்விங்கிலிருந்து: நான் எச்1பி. மனைவி சிட்டிசன், துப்பாக்கி அவருடையது. அது இருக்கும் காரை நான் ஆபீசுக்கு ஓட்டிப் போகலாமா?

வேண்டவே வேண்டாம். எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டரசுக் குற்றம். 15 ஆண்டு வரை சிறை. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு, அவற்றை நம்பி இறங்காதீர்கள். கையில் எடுத்தால்தான் குற்றம் என்றில்லை. டாஷ்போர்டில் இருப்பது தெரிந்தே நீங்கள் வண்டி ஓட்டினால், அது உங்கள் வசம் இருந்ததாக வாதிட முடியும். தண்டனை முடிந்தபின் நாடுகடத்தல் வேறு. நம்மவர்கள் இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

பார்க்கிங்கில் சக ஊழியரின் துப்பாக்கியால் காயம்பட்டால் கம்பெனி மீது வழக்குப் போடலாமா?

கடினம். காரில் வைக்க அனுமதித்தே ஆக வேண்டும் என்று சொன்ன சட்டமே, அதனால் வரும் வழக்குகளிலிருந்து முதலாளிக்கு 52.063-இல் காப்பும் கொடுத்துவிட்டது. படுமோசமான அலட்சியத்துக்கு மட்டும் அந்தக் காப்பு கிடையாது. அந்த ஊழியர் மிரட்டுகிறார் என்று முன்பே எச்ஆருக்கு எழுதிய மெயில் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

கேட்டியிலிருந்து: பெட்ரோல் பங்க் நடத்துகிறேன். இரவு ஷிப்ட் பையன் துப்பாக்கி கேட்கிறான்.

முதலில் அவன் விசாவைப் பாருங்கள். ஸ்டூடண்ட் விசா என்று தெரிந்தே கொடுத்தால் நீங்களும் குற்றவாளி. சிட்டிசனே என்றாலும், வேலை நேரத்தில் கல்லாவைக் காக்கச் சுட்டால் வழக்கு உங்கள் மீதும் திரும்பும். பயிற்சி கொடுத்தாயா, ஏன் கொடுத்தாய் என்று கேட்பார்கள். இன்சூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் படியுங்கள். துப்பாக்கிச் சம்பவங்களை விலக்கிய பாலிசிகள் நிறைய.

எங்கள் ஓட்டல் கதவில் துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். போதுமா?

லைசென்ஸ் உள்ளவர் மறைத்துக் கொண்டுவருவதைத் தடுக்கப் போதாது. தண்டனைச் சட்டம் 30.06 தரும் வாசகம் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், ஓர் அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் இருக்க வேண்டும். வெளிப்படையாகக் கொண்டுவருபவருக்கு 30.07, லைசென்ஸ் இல்லாதவருக்கு 30.05. மூன்றையும் ஒட்டினால் கண்ணாடியில் இட்லி மெனுவுக்கு இடம் இருக்காது, என்ன செய்ய.