ராத்திரியில் வாட்ச் வெளிச்சம் தொந்தரவா? கேள்வி – பதில்

செங்கோட்டை, கம்பம், போடி, களியக்காவிளை என்று மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து வந்த கேள்விகளில், ஸ்மார்ட்வாட்சின் ராத்திரி வெளிச்சம் பற்றியவற்றை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன். நிறையப் பேர் நிறத்தைப் பற்றியே கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, நாம் கேட்காமலே திரை எரிகிறதா என்பதை. அதை நிறுத்திவிட்டு வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். நிறம் அதற்கப்புறம்தான்.

ஏலத்தோட்ட வேலைக்குப் போறேன் அண்ணே. விடியக்காலை ஜீப் வந்துரும், நாலு மணிக்கு முன்னாடியே எந்திரிச்சு சோறாக்கணும். புள்ளைங்க முழிச்சிரக்கூடாதுன்னு வாட்ச்ல அதிர்ற அலாரம் வெச்சிருக்கேன். ஆனா தூக்கத்துல புரண்டு படுத்தாலே பளிச்னு எரியுது. விலை குறைஞ்ச வாட்ச்தான். — கம்பம்

வாட்சுக்குள் கை அசைவை அளக்கும் சென்சார் ஒன்று இருக்கிறது. மணிக்கட்டு முகத்தை நோக்கித் திரும்பினால் மணி பார்க்கிறீர்கள் என்று முடிவுகட்டி அது திரையை எரியவிடும். தூக்கத்தில் புரளும்போதும் கை ஏறக்குறைய அப்படியேதான் திரும்புகிறது. வித்தியாசம் அதற்குத் தெரியாது.

போனில் அந்த வாட்சின் ஆப்பைத் திறந்து ‘ரெய்ஸ் டு வேக்’ அல்லது ‘லிஃப்ட் ரிஸ்ட்’ என்று இருப்பதைத் தேடுங்கள், கை தூக்கினால் திரை எரியும் வசதி அதுதான். பல ஆப்களில் அதற்கு நேரமும் வைக்கலாம். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அது கேட்பது பெரும்பாலும் திரை எரிய வேண்டிய நேரத்தை. தூங்கும் நேரத்தைக் கேட்பதாக நினைத்து ராத்திரி 9 முதல் காலை 4 வரை என்று போட்டுவிட்டால், பகலெல்லாம் எரியாமல் ராத்திரி மட்டும் எரியும். காலை 5 முதல் ராத்திரி 8 வரை என்று போடுங்கள். நேரம் வைக்கும் வசதி இல்லையென்றால் அதை ஒரேயடியாக அணைத்துவிட்டு, பக்கத்துப் பட்டனை அமுக்கி மணி பார்த்துப் பழகலாம்.

அடுத்தது ‘டூ நாட் டிஸ்டர்ப்’. திரையை மேலிருந்து கீழே இழுத்தால் பிறை நிலா படம் இருக்கும். அதைத் தட்டினால் மெசேஜ் வந்தாலும் திரை எரியாது. அலாரம் வழக்கம்போல அதிரும், ஆனால் விலை குறைந்த வாட்சுகளில் கம்பெனிக்குக் கம்பெனி இது மாறுகிறது. பகலில் நிலாவைப் போட்டுவிட்டு, ஐந்து நிமிஷம் தள்ளி ஒரு அலாரம் வைத்து அதிர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜீப்பைத் தவறவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு, அதைச் சோதித்துப் பார்க்காமல் நம்பாதீர்கள். சார்ஜ் தீர்ந்தால் எந்த அலாரமும் அடிக்காது என்பதால், சாயங்காலம் அடுப்படியில் இருக்கும் நேரத்தில் வாட்சைச் சார்ஜில் போடுங்கள். போனிலும் பத்து நிமிஷம் பின்னால் ஒரு அலாரம் இருக்கட்டும். வாட்ச் எழுப்பிவிட்டால் அதை நீங்களே அணைத்துவிடலாம்.

அலாரம் அடிக்கும்போது திரை எப்படியும் எரியும். பிரைட்னஸைக் கடைசிப் படிக்குக் குறைத்திருந்தால் போர்வைக்குள்ளேயே அடங்கிவிடும்.

கறுப்பு வாட்ச் ஃபேஸ் வெச்சா வெளிச்சமே இருக்காதுன்னு கடைக்காரர் சொன்னார். வெச்சும் குறையலையே? — போடி

ஃபேஸ் என்பது மணி காட்டும் திரைத் தோற்றம். அதனால் வெளிச்சம் குறையுமா என்பது திரை எந்த வகை என்பதைப் பொறுத்தது. அமோலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக ஒளி விடும், கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்தே கிடக்கும். எல்சிடி திரையில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். டியூப்லைட் முன்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டதுபோல இடுக்கு வழியாக வெளிச்சம் கசியும்.

உங்களுடையது எது என்று பார்க்க, ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு கறுப்பு ஃபேஸை எரியவிடுங்கள். எண்கள் மட்டும் அந்தரத்தில் நிற்பதுபோலத் தெரிந்து, திரையின் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை என்றால் அமோலெட். எண்களைச் சுற்றிச் சாம்பல் பூத்த மாதிரி ஒரு சதுரமோ வட்டமோ தெரிந்தால் எல்சிடி. எல்சிடிக்குக் கறுப்பு ஃபேஸால் பெரிய லாபம் கிடையாது. பிரைட்னஸைக் குறைப்பதும், திரை எரியும் நேரத்தை ஐந்து விநாடிக்குச் சுருக்குவதும்தான் அதற்கு வழி.

அண்ணாச்சி, மேக்கரைப் பக்கம் தென்னந்தோப்புல ராக்காவல். பன்னி வரும், சில நாள் ஆனையும் வரும். இருட்டுல கண்ணு பழகி நிழல் நிழலாத் தெரியும்போது மணி பாக்கலாம்னு வாட்சைத் தூக்கினா, அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு ஒண்ணுமே தெரியமாட்டேங்கு. மகன் வாங்கித் தந்த அமோலெட் வாட்ச். வழி உண்டா?

இந்த மாதம் வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது. உங்கள் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. பகலில் நிறம் பார்ப்பவை கூம்பு செல்கள். மங்கிய வெளிச்சத்தில் உருவம் பார்ப்பவை கோல் செல்கள். கோல் செல்களில் ரோடாப்சின் என்ற நிறமி உண்டு. வெளிச்சம் பட்டால் அது சிதையும், இருட்டில் மெல்லத் திரும்ப ஊறும். முழுதாக ஊறிவர 20 முதல் 30 நிமிஷம் வரை ஆகும். வாட்சின் வெள்ளை வெளிச்சம் ஒரு விநாடி கண்ணில் அடித்தால், நீங்கள் அரைமணி நேரம் உட்கார்ந்து சேர்த்ததில் கணிசமான பங்கு போய்விடும்.

கோல் செல்கள் ஏறக்குறைய 500 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது நீலமும் பச்சையும் கலக்கும் இடத்தில், மிகக் கூர்மையாக வேலை செய்கின்றன. ஆழ்ந்த சிவப்பு அவற்றுக்குத் தெரியாது என்றே சொல்லலாம். வானம் பார்க்கிறவர்கள் சிவப்பு டார்ச் வைத்துக்கொள்வது அதனால்தான். ஆகவே முழுக் கறுப்பில் சிவப்பு எண்கள் மட்டும் உள்ள ஃபேஸ் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எண்கள் மெலிதாக இருக்கட்டும். ஸ்டெப், பேட்டரி, வானிலை என்று சுற்றிலும் உள்ள அலங்காரம் எதுவும் வேண்டாம், ஒவ்வொன்றும் ஒரு விளக்கு. ஆரஞ்சுக்குச் சாயும் சிவப்பை விட ரத்தச் சிவப்பு நல்லது. விலை கூடிய வாட்சுகளில் இதற்கென்றே ஏற்பாடு உண்டு. ஆப்பிள் வாட்ச் அல்ட்ராவின் வேஃபைண்டர் ஃபேஸில் பக்கத்துக் கிரவுனை, அதாவது திருகு குமிழை, திருகினால் திரை முழுக்கச் சிவப்பாகும். கார்மினின் சில மாடல்களில் ‘ரெட் ஷிஃப்ட்’ இருக்கிறது. உங்கள் வாட்சுக்கு அதெல்லாம் தேவையில்லை, ஃபேஸை மாற்றினாலே போதும்.

சிவப்புதானே என்று பிரைட்னஸை ஏற்றி வைத்தால் பிரயோஜனம் இல்லை. அடிமட்டத்துக்கு இறக்குங்கள். ஆட்டோ பிரைட்னஸ் சில வாட்சுகளில் அந்த அளவுக்கு இறங்காது. அதை அணைத்துவிட்டுக் கையால் குறைத்துப் பாருங்கள், எது மங்கலோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

செலவில்லாத வழியும் ஒன்று உண்டு: மணி பார்க்கும்போது ஒரு கண்ணை இறுக மூடிக்கொள்ளுங்கள். மூடிய கண் இருட்டுக்குப் பழகியபடியே இருக்கும். வாட்சை இறக்கியதும் அந்தக் கண்ணால் தோப்பைப் பாருங்கள்.

ஆனி, ஆடியில் உங்கள் பக்கம் சாரல் அடிக்கும். தூறல் திரையில் பட்டால் விரல் பட்டதாக நினைத்து வாட்ச் எரியும், சில நேரம் ஃபேஸே மாறிவிடும். தொட்டால் எரியும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர்த்துளி படம் போட்ட ‘வாட்டர் லாக்’கைப் போடுங்கள். மட்டை ஒடிகிற சத்தம் கேட்டால் மட்டும் இந்தச் சிக்கனத்தை எல்லாம் மறந்துவிட்டு விலகிப் போய் வனத்துறைக்குப் போன் போடுங்கள். கண் பழகியிருப்பது ஆனை வருவதைத் தூரத்திலேயே தெரிந்துகொள்ளத்தான், பக்கத்தில் போய்ப் பார்க்க அல்ல.

ராத்திரியில் வாட்சின் அடியில் பச்சை வெளிச்சம் மின்னுகிறது. விடுதி அறையில் எல்லோரும் கேட்கிறார்கள். பிரைட்னஸைக் குறைத்தும் போகவில்லை. கண்ணுக்குக் கெடுதலா? — நர்சிங் மாணவி, பாலக்காடு

அது திரை வெளிச்சமே இல்லை, நாடித்துடிப்பு பார்க்கும் எல்இடி. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் ரத்தம் கூடும்போது திரும்பி வரும் ஒளி குறைவதை வைத்து வாட்ச் எண்ணுகிறது. சிவப்பாக மின்னினால் ரத்த ஆக்சிஜனைப் பார்க்கிறது என்று அர்த்தம். கெடுதல் இல்லை.

வெளியே கசிகிறது என்றால் ஸ்ட்ராப் தளர்வாக இருக்கிறது. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அளவு மேலே ஏற்றி, தோலோடு ஒட்டும்படி கட்டுங்கள். தழும்பு விழும்படி இறுக்க வேண்டாம். அப்படியும் தொந்தரவு என்றால் ஆப்பில் தொடர்ந்து அளப்பதை மாற்றி அரைமணிக்கு ஒரு முறை என்று வையுங்கள், தூக்கக் கணக்கின் துல்லியம் கொஞ்சம் குறையும். கழற்றி மேஜையில் வைத்தும் மின்னுகிறது என்கிறவர்களுக்கு: அடியில் உள்ள பரப்பைத் தோல் என்று அது ஏமாந்திருக்கலாம். திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள்.

வாட்சுக்கு ப்ளூ லைட் ஃபில்டர் கிளாஸ் ஒட்டலாமா? — ஆசிரியை, குமுளி

வேண்டாம். விழித்திரையில் 480 நானோமீட்டர் அளவிலான நீல ஒளிக்கு உணர்வுள்ள செல்கள் இருப்பதும், அவை தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் ஹார்மோனின் சுரப்பைத் தள்ளிப்போடுவதும் உண்மை. ஆனால் ஒரு ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிய திரையை இரண்டு விநாடி பார்ப்பதற்கும், போனை முகத்துக்கு நேரே பிடித்து ஒரு மணி நேரம் பார்ப்பதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. வாட்சில் மெசேஜ் வந்ததும் போனைக் கையில் எடுக்கிறீர்களே, தூக்கம் கெடுவது அங்கேதான். கிளாஸுக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

புரை ஆபரேஷன் ஆகி மூன்று மாதம். பகலில் மணி தெரிகிறது. ராத்திரி எண்களைச் சுற்றி ஒளிவட்டம் வருகிறது, குறைத்து வைத்தால் எழுத்தே தெரிவதில்லை. — ஓய்வுபெற்ற தபால்காரர், மார்த்தாண்டம்

ஐயா, உங்களுக்கு மற்றவர்களுக்குச் சொன்ன யோசனை பொருந்தாது. அடிமட்டம் வேண்டாம், நடுமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். முள் வைத்த ஃபேஸை விட்டுவிட்டு, மணியும் நிமிஷமும் மட்டும் திரை நிறையத் தடிமனாக இருக்கும் ஃபேஸுக்கு மாறுங்கள். சுத்த வெள்ளைக்குப் பதில் மங்கிய மஞ்சள் எண்கள் இருந்தால் கூச்சம் குறையும். எழுத்தளவையும் ‘போல்ட் டெக்ஸ்ட்’டையும் செட்டிங்ஸில் கூட்டலாம், பேரப்பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு நிமிஷ வேலை. தூரப் பார்வைக்கு என்று லென்ஸ் வைத்திருந்தால் கிட்டத்தில் மங்கலாகத் தெரிவது இயல்பு, அதற்குப் படிக்கும் கண்ணாடி வேண்டும். ஒளிவட்டம் பற்றி அடுத்த முறை கண் டாக்டரிடம் சொல்லுங்கள். திடீரென்று மின்னல் வெட்டுவதுபோலத் தெரிந்தால் அடுத்த முறை வரை காத்திருக்காமல் உடனே போங்கள்.

பாவூர்சத்திரத்துல காய் ஏத்திட்டு ராத்திரி புனலூர் போறேன் அண்ணாச்சி. புளியரை தாண்டி எஸ் வளைவுல ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் வாட்ச் எரியுது, கண்ணாடியில வேற தெரியுது.

வளைவில் ஸ்டீயரிங்கைச் சுற்றும்போது மணிக்கட்டு முகத்தைப் பார்த்துத் திரும்புகிறது, அதனால் எரிகிறது. வண்டியை எடுக்கும் முன் தியேட்டர் மோடைப் போட்டுவிடுங்கள், தட்டினாலோ பட்டனை அமுக்கினாலோ தவிர எரியாது. ஆப்பிள் வாட்சில் அதற்கு இரண்டு முகமூடி படம், சாம்சங்கிலும் மேல் பட்டியில் இருக்கிறது. உங்கள் வாட்சில் அது இல்லையென்றால் கை தூக்கும் வசதியை அணையுங்கள். நடுவில் தப்பித் தவறி எரிந்தால், அந்த இரண்டு கம்பெனி வாட்சுகளிலும் உள்ளங்கையால் திரையை மூடினால் அணைந்துவிடும். ஆனால் மலைப்பாதையில் அதற்காக ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காதீர்கள். மணி பார்க்க டேஷ்போர்டில் கடிகாரம் இருக்கிறதே!

ஸ்லீப் மோடுக்கும் தியேட்டர் மோடுக்கும் என்ன வித்தியாசம்? — திருவனந்தபுரம்

தியேட்டர் மோடை நீங்கள் போட வேண்டும், பெரும்பாலும் நீங்களே எடுக்க வேண்டும். ஸ்லீப் மோடு, தூங்கும் நேரத்தை வைத்துவிட்டால் தானாக வந்து தானாகப் போகும். எப்போதும் மணி காட்டி எரியும் ‘ஆல்வேஸ் ஆன்’ திரையையும் மெசேஜ்களையும் சேர்த்தே அடக்கும். தினமும் ஒரே நேரத்தில் தூங்குகிறவருக்கு ஸ்லீப் மோடு. ஷிஃப்ட் மாறுகிறவருக்குத் தியேட்டர் மோடு.

களியக்காவிளையில் கடை. வியாபாரிகள் குரூப்பில் ராத்திரி 12 மணிக்கும் மலையாளத்தில் மெசேஜ் வரும். வாட்ச் எரியும், பார்த்தால் கட்டம் கட்டமாக இருக்கும். படிக்கவும் முடியவில்லை, தூங்கவும் முடியவில்லை.

கட்டங்கள் வரக் காரணம், வாட்சுக்குள் மலையாள எழுத்துரு இல்லாதது. விலை குறைந்த பல வாட்சுகளில் தமிழுக்கும் இதே கதிதான். ஆப்பில் ஃபர்ம்வேர் (வாட்சின் உள் மென்பொருள்) அப்டேட் இருந்தால் போட்டுப் பாருங்கள், சில மாடல்களில் சரியாகிறது. சரியாகாவிட்டால் படிக்க முடியாத மெசேஜுக்காக வாட்ச் எரிவதில் அர்த்தமில்லை. ஆப்பின் நோட்டிஃபிகேஷன் பட்டியலில் வாட்ஸ்அப்பை எடுத்துவிட்டு, போன் கால் மட்டும் இருக்கட்டும். மற்றவர்களின் வாட்ஸ்அப் மெசேஜ் வேண்டுமென்றால் போனில் அந்தக் குரூப்பை மட்டும் மியூட் செய்யுங்கள். அங்கே நோட்டிஃபிகேஷன் எழாவிட்டால் வாட்சுக்கும் போகாது. சரக்கு வண்டிக்காரர் ராத்திரி கூப்பிட வேண்டியிருந்தால் நேரே போன் போடச் சொல்லிவிடுங்கள்.