கோர்ட் போட்ட கண்டிஷனை எக்ஸிக்யூட்டர் தளர்த்தச் சொல்லலாமா?

கேள்வி, சுருக்கமா: மயிலாப்பூர் வாசகி ஒருத்தங்க. அப்பா உயில்ல இவங்கதான் எக்ஸிக்யூட்டர், அதாவது உயில்ல சொன்னபடி சொத்தை நிர்வாகம் பண்ணிப் பிரிச்சுக் குடுக்க வேண்டியவங்க. ப்ரொபேட்டுக்கு (உயில் செல்லும்னு கோர்ட் குடுக்கற சான்று) போட்ட மனு, தம்பி ஆட்சேபிச்சு கேவியட் போட்டதால வழக்கா (டி.ஓ.எஸ்.) மாறி, அப்புறம் ரெண்டு பேரும் சமாதானமாகி மெட்ராஸ் ஹைகோர்ட் ப்ரொபேட் குடுத்துடுச்சு. ஆனா மூணு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கு தாக்கல் பண்ணணும், எஸ்டேட் அக்கவுண்ட்ல 25,000 ரூபாய்க்கு மேல எடுக்கவோ சொத்தை விக்கவோ கோர்ட் பர்மிஷன் வேணும்னு ஆர்டர். மோட்டார் எரிஞ்சு போனா கூட வக்கீல்கிட்ட ஓட வேண்டியிருக்காம். இப்ப தம்பி கலிபோர்னியாவுல, "எல்லாம் நீயே பாத்துக்கோக்கா, இங்கல்லாம் கோர்ட்ல ஃபுல் அத்தாரிட்டி வாங்கிடலாம்"ங்கறார். இறந்துபோன தங்கச்சியோட பையனுக்கும் ஒரு பங்கு இருக்கு, பத்தாவது படிக்கறான்.

பதில்:

மேடம், தம்பி சொல்றது அங்க சரிதான். கலிபோர்னியாவுல அதுக்குன்னு தனிச் சட்டமே இருக்கு, ஃபுல் அத்தாரிட்டி (பெரும்பாலான வேலைக்கு கோர்ட் பர்மிஷன் வேண்டாம்), லிமிடெட் அத்தாரிட்டி (வீடு, நிலம் விக்கறது மாதிரி சிலதுக்கு வேணும்)னு ரெண்டு வகை. நம்ம 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டத்துல அப்படி ரெண்டு வகை கிடையாது. இங்க ப்ரொபேட் வாங்கின எக்ஸிக்யூட்டருக்கு உயில் தடுக்கலைன்னா சொத்தை விக்கற அதிகாரம் கூட 307-ஆவது பிரிவுலயே இருக்கு. உங்க கையைக் கட்டியிருக்கறது அந்த ஆர்டர்தான், அதனால அந்த ஆர்டரைத்தான் மாத்தச் சொல்லிக் கேக்கணும்.

முதல்ல ஆர்டர் காப்பியை எடுத்து, அந்தக் கண்டிஷன் எல்லாம் நீங்களும் தம்பியும் கையெழுத்து போட்ட சமாதான மெமோவுல இருக்கா, இல்ல ஜட்ஜ் தானா போட்டதான்னு பாருங்க. மெமோவுல இருந்தா நீங்க மட்டும் கேட்டு மாத்தறது கஷ்டம், தம்பியும் சேந்து வரணும், ஜட்ஜ் போட்டதுன்னா அதே வழக்கு நம்பர்ல 302-ஆவது பிரிவுல ஒரு அப்ளிகேஷன் போடலாம், எக்ஸிக்யூட்டருக்கு எஸ்டேட் விஷயமா டைரக்‌ஷன் குடுக்க ஹைகோர்ட்டுக்கு அதுல அதிகாரம் இருக்கு. தம்பியோட வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டை எல்லாம் கோர்ட் கேக்காது. அவர் அங்க இருக்கற இந்தியன் கான்சலேட்ல போய் அஃபிடவிட்ல (சத்தியப் பிரமாணப் பத்திரம்) கையெழுத்து போட்டு ஒரிஜினலை அனுப்பட்டும்.

ஆனா நீங்க கடிதத்துல கடைசி வரில போறபோக்குல எழுதினீங்களே தங்கச்சி பையன், கேஸே அங்கதான் இருக்கு. மைனருக்கு பங்கு இருக்கற எஸ்டேட்ல பெரியவங்க எல்லாரும் ஒத்துக்கிட்டோம்னு சொன்னா கோர்ட் அப்படியே தலையாட்டாது, அவன் அப்பா கையெழுத்து போட்டாலும் போதாது. வழக்குல மைனர் சார்பா சமாதானம் பண்ணணும்னாலே கோர்ட் அனுமதி வேணும், சிவில் ப்ரொசீஜர் கோட் ஆர்டர் 32 ரூல் 7. அதனால "கண்காணிப்பே வேண்டாம்"னு தயவுசெஞ்சு கேக்காதீங்க, மொத்தமா தள்ளுபடி ஆயிடும். பையன் பங்குக்கு வர்ற வாடகையை அவன் பேர்ல நேஷனலைஸ்டு பேங்க்ல டெபாசிட் பண்றேன், அவனுக்கு 18 வயசு ஆகற வரைக்கும் தொட மாட்டேன்னு நீங்களே முன்வந்து அஃபிடவிட்ல எழுதுங்க. அதுக்கப்புறம் மத்ததைக் கேட்டா ஜட்ஜ் காது குடுத்து கேப்பாரு.

என்ன கேக்கலாம்? மூணு மாசக் கணக்கை வருஷக் கணக்கா மாத்தறது. வீட்டு வரி, மெட்ரோ வாட்டர், கரண்ட், ரிப்பேர், குடித்தனக்காரர் காலி பண்ணா திருப்பித் தர்ற அட்வான்ஸ், இதுக்கெல்லாம் லிமிட்டை உயர்த்தி முன் அனுமதி இல்லாம செலவு பண்ண விடறது. மோட்டார் எரிஞ்ச கதையை பில்லோட, தேதியோட எழுதுங்க: என்னைக்கு எரிஞ்சுது, என்னைக்கு அப்ளிகேஷன் போட்டீங்க, என்னைக்கு ஆர்டர் வந்துச்சு, அதுவரைக்கும் லாரித் தண்ணிக்கு எவ்வளவு ஆச்சு. சட்டப் பாயிண்ட் நாலு பக்கம் எழுதறதை விட இந்த ஒரு பாரா வேலை செய்யும்.

இதெல்லாம் பண்றதுக்கு முன்னாடி உங்க கணக்கு சுத்தமா இருக்கணும். 317-ஆவது பிரிவுப்படி ப்ரொபேட் கிடைச்ச ஆறு மாசத்துல இன்வென்டரி (சொத்து, கடன் பட்டியல்), ஒரு வருஷத்துல கணக்கு தாக்கல் பண்ணியிருக்கணும், இது சட்டம் போட்ட கடமை, தம்பி வேண்டாம்னு சொன்னாலும் போகாது. காரணமில்லாம வேணும்னே பண்ணலைன்னா 263-ல ப்ரொபேட்டையே ரத்து பண்ணலாம். பாக்கி இருந்தா டைம் கேட்டு முதல்ல அதைத் தாக்கல் பண்ணிடுங்க, தளர்த்தச் சொல்ற அப்ளிகேஷன் அதுக்கப்புறம்தான். சொத்து விக்கறதுக்கு பர்மிஷன் வாங்கணும்ங்கற கண்டிஷனை இப்போதைக்கு தொடாதீங்க, விக்கணும்னு வந்தா வேல்யூவேஷன் ரிப்போர்ட்டோட தனியா ஒரு அப்ளிகேஷன் போட்டுக்கலாம்.