பழைய போட்டுக்கு வான் எஞ்சின் பூட்டலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. 1989ஆம் ஆண்டுப் போட் ஒன்றை வாங்கி சிம்கோ ஏரியில் ஓடுகிறோம். 19 அடி, மெர்குரூசர் 4.3 லீற்றர் வி6 எஞ்சின், அல்ஃபா வன் ட்ரைவ். இந்த மே மாதம் டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தால் ஒயில் வெள்ளையாக நுரைத்து வருகிறது. புளொக்கின் பக்கவாட்டில் நீளமாக ஒரு வெடிப்பு. குளிர் தொடங்க முன் பிங்க் அன்ரிஃபிறீஸ் விட்டுத்தான் மூடி வைத்தோம். கார் மெக்கானிக்காக இருக்கும் என் மச்சான், "செவர்லே அஸ்ரோ வானிலும் இதே 4.3தான், ஜங்க்யார்டில் எடுத்து ஒரு சனி ஞாயிறில் மாற்றிவிடலாம்" என்கிறார். போட் கடைக்காரர், "எஞ்சின் விலை போட்டின் விலையைத் தாண்டும், எறிந்துவிடு" என்கிறார். பிள்ளைகள் விடுகிறார்களில்லை. யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், ஏஜாக்ஸ்

பதில்: தம்பி, இரண்டு பேருமே மரத்தைப் பார்க்காமல் பேசுகிறார்கள். எஞ்சினுக்கு விலை கேட்க முன் ஒரு பிளாஸ்ரிக் சுத்தியலோடு போட்டுக்குள் இறங்குங்கள். அந்தக் காலத்துப் போட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு பின்சுவருக்குள்ளே, அதாவது ட்ரான்சமுக்குள்ளே, இருப்பது ஃபைபர்கிளாஸ் போர்த்த பிளைவூட். ட்ரைவ், அதாவது எஞ்சினின் சுழற்சியைப் புறொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் கியர்ப் பகுதி, வெளியே போவதற்காக அதில் பெரிய ஓட்டை வெட்டியிருப்பார்கள். அந்த ஓட்டையின் விளிம்பால் தண்ணீர் இறங்கினால் மரம் உள்ளுக்குள்ளேயே உக்கும். வெளியே பெயின்ற் பளபளவென்று இருக்கும். தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. சத்தம் மங்கிச் செத்துப்போகும் இடத்தில் உள்பக்கமாகச் சின்ன ட்ரில் ஒன்று போடுங்கள். வரும் தூள் வெள்ளையாக, காய்ந்து இருந்தால் எப்பொக்ஸி வைத்து ஓட்டையை அடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம். கறுத்து ஈரமாக வந்தால் எஞ்சினுக்கு ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம், முதலில் ட்ரான்சம். எஞ்சின் முன்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஸ்ட்ரிங்கர் கட்டைகளையும் இப்படியே பாருங்கள். அங்கே மவுன்ற் போல்ற்றுகள் இறுக்க இறுக்கச் சும்மா சுற்றினால் உள்ளே மரம் இல்லை என்று அர்த்தம்.

மரம் நல்லதென்றால் போட்டை எறியத் தேவையில்லை. இனி மச்சானின் யோசனைக்கு வருகிறேன். புளொக்கின் வார்ப்பு ஒன்றுதான், அதில் அவர் சொல்வது சரி. ஆனால் அந்தப் புளொக்கில் பூட்டியிருப்பவை ஒன்றல்ல. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. வானில் கசிந்தால் றோட்டுக் காற்று கொண்டுபோய்விடும். போட்டில் அது பில்ஜில், அதாவது தளத்துக்குக் கீழுள்ள அடிக்குழியில், போய்த் தேங்கி நிற்கும். அதனால்தான் மரைன் ஸ்ராட்டர், ஓல்ரனேற்றர், டிஸ்ரிபியூற்றர் மூன்றையும் உள்ளே பறக்கும் பொறி வெளியே வராதபடி அடைத்துச் செய்கிறார்கள். மரைன் கார்பரேற்றர் நிரம்பி வழிந்தாலும் பெற்றோல் வெளியே கொட்டாமல் தொண்டைக்குள்ளேயே விழும். ஸ்ராட் பண்ண முன் நாலு நிமிஷம் எஞ்சின் அறைக் காற்றை வெளியேற்றும் புளோவரை ஓட விடச் சொல்லிக் கனடிய அரசாங்கம் சொல்வதும் இந்த ஆவிக்குப் பயந்துதான். வானின் ஸ்ராட்டரைப் போட்டில் பூட்டுவது பிள்ளைகளுக்குக் கீழே வெடிமருந்தை வைப்பது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

"போட்டின் பழைய சாமான்களையே வான் புளொக்கில் மாற்றிப் பூட்டினால்?" என்று மச்சான் கேட்பார். அதற்கும் கணக்குப் பாருங்கள். 4.3 எஞ்சினுக்கு 1992-93 வாக்கில் அதிர்வைக் குறைக்கும் பலன்ஸ் ஷாஃப்ட் வந்தது. 1996இல் வோர்ற்றெக் என்ற புது வகை சிலிண்டர் ஹெட் வந்தது. அதில் உங்கள் பழைய இன்ரேக் மனிஃபோல்ட் உட்காராது. பொருந்தும் வருஷத்து எஞ்சின் கிடைத்தாலும் புளொக்கின் ஓட்டைகளை மூடும் கோர் பிளக்குகளைப் பித்தளைக்கு மாற்ற வேண்டும், ஹெட் கஸ்கெற்றை மரைன் கஸ்கெற்றாக்க வேண்டும், காம் ஷாஃப்ட்டும் வேறு. கடுகண்ணாவ ஏற்றத்தில் சுமை லொறி ஏறுகிற மாதிரித்தான் போட் எஞ்சினுக்கு நாள் முழுக்க வேலை. இறக்கம் என்று ஒன்று வராது. பல லட்சம் கிலோமீற்றர் ஓடிய வான் எஞ்சினை இந்தச் சுமைக்கு நம்ப முடியாது. திருத்தி எடுத்த மரைன் லோங் புளொக் ஒன்றை, அதாவது ஹெட்டோடு சேர்ந்த, வெளிச்சாமான்கள் இல்லாத எஞ்சினை, வாங்குங்கள். உங்கள் நல்ல சாமான்களை அதில் மாற்றிப் பூட்டலாம். முழு எஞ்சினை வாங்குவதைவிட மிகக் குறைவாக முடியும். உங்கள் எஞ்சினின் சீரியல் இலக்கத்தைக் கொடுத்தே கேளுங்கள். வெடித்த புளொக்கை "கோர்" என்று, அதாவது திருத்தி விற்பதற்கான பழைய எஞ்சினாக, திருப்பி எடுப்பார்களா என்பதையும் முதலே கேட்டுவிடுங்கள்; வெடிப்பு இருந்தால் சில இடங்களில் எடுக்க மாட்டார்கள்.

ஆனால் புளொக்கை வெடிக்க வைத்த குளிர் புகை வெளியேறும் எக்ஸோஸ்ற் மனிஃபோல்ட்டுகளையும் அவற்றின் மேலுள்ள ரைசர் குழாய்களையும் விட்டுவைத்திருக்குமா? அவற்றுக்குள்ளும் அதே ஏரித் தண்ணீர்தான் நின்றது. பிறெஷர் ரெஸ்ற் பண்ணாமல் புது எஞ்சினில் பூட்டாதீர்கள். நான் மயிலிட்டிக் கடற்கரையில் வளர்ந்தவன். உப்பு இரும்பை எப்படித் தின்னும் என்று தெரியும். இங்கே நன்னீர் என்பதால் மனிஃபோல்ட் நீண்ட காலம் நிற்கும் என்பது உண்மைதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தால் அந்தக் கதை செல்லாது. அதன் வழியே சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கி ஒரே சீசனில் புது எஞ்சினும் போய்விடும்.

கழற்றும் வேலை மச்சானுக்குக் கஷ்டமாக இராது. கியரை முன்னோக்கிப் போட்டுவிட்டு ஆறு நட்டுகளைக் கழற்றினால் ட்ரைவ் பின்னால் வரும். ட்ரைவ் வெளியே இருக்கும்போதே பெலோஸ் என்ற றப்பர் உறை, ட்ரைவின் தண்டைத் தாங்கும் கிம்பல் பெயரிங், தண்ணீர்ப் பம்பின் இம்பெல்லர் மூன்றையும் மாற்றிவிடுங்கள். கார்க்காரர்கள் தவறவிடுவது அலைன்மென்ற், அதாவது எஞ்சினையும் ட்ரைவையும் ஒரே நேர்கோட்டில் வைப்பது. பின் மவுன்றுகள் இரண்டும் அசையாதவை. உயரம் மாற்றுவது முன் மவுன்றுகளில் மட்டும். அதற்கென்று ஒரு நீளமான இரும்புத் தண்டு இருக்கிறது, வாடகைக்கும் கிடைக்கும். முனையில் கிறீஸ் பூசி கிம்பல் பெயரிங் வழியாக எஞ்சினின் பின்னாலுள்ள கப்ளருக்குள் விடுங்கள். இரண்டு விரல் தள்ளலில் போக வேண்டும். வெளியே எடுத்து, கிறீஸில் பல் அச்சு சுற்றிவரச் சமமாக விழுந்திருக்கிறதா பாருங்கள். பிறகு எஞ்சினைக் கால்வாசி திருப்பி மறுபடி பாருங்கள். சுத்தியலால் தட்டித்தான் தண்டு போகிறது என்றால் கப்ளரின் பல்லுகள் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

பிங்க் அன்ரிஃபிறீஸ் விட்டும் ஏன் வெடித்தது? தேர்மோஸ்ராற் மூடியிருக்கும்போது விட்டால் அது புளொக்குக்குள் போகாது. மனிஃபோல்ட் வழியாக வெளியே ஓடிவிடும். பின்னால் பிங்க் நிறம் கொட்டுவதைப் பார்த்துவிட்டு எல்லாரும் நிம்மதியாக மூடிவிடுகிறார்கள். புளொக்குக்குள் நிற்கிற ஏரித் தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் விரியும். இனி ஒக்ரோபரில் முதலில் தண்ணீரை இறக்குங்கள். புளொக்கின் இரு பக்கமும் ஒவ்வொரு பிளக், மனிஃபோல்ட்டுகளிலும் உண்டு. பிளக்கைக் கழற்றியும் தண்ணீர் வரவில்லை என்றால் காலி என்று நினைக்க வேண்டாம், துரு அடைத்திருக்கும். கம்பியால் குத்துங்கள், வரும். எல்லாம் வடிந்த பிறகு அன்ரிஃபிறீஸ் விடுவது உங்கள் விருப்பம்.

கேள்வி: எங்கள் போட்டில் 3.0 லீற்றர் நாலு சிலிண்டர் எஞ்சின். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், 5.7 வி8 போடலாமா?
– வாசகி, பரி

பதில்: தங்கச்சி, ட்ரைவையும் சேர்த்து மாற்றத் தயாரென்றால் மட்டும். அல்ஃபாவில் நாலு சிலிண்டருக்குக் கியர் விகிதம் இரண்டுக்குக் கிட்ட, வி8க்கு ஒன்றரைக்குக் கிட்ட. பழைய ட்ரைவோடு வி8 பூட்டினால் புறொப்பெல்லர் தன் அளவுக்கு மிஞ்சி மெதுவாகச் சுற்றும். பின்பக்கத்தில் கூடுகிற பாரமும் சின்னப் போட்டுக்கு நல்லதல்ல. அதே 3.0ஐப் புதிதாகப் போட்டு, முழு வேகத்தில் ஆர்பிஎம் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். எஞ்சின் புத்தகத்தில் சொன்ன அளவுக்குக் கீழே நின்றால் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம், குறைந்த புறொப்பெல்லர் போடுங்கள். பிட்சை ஒரு அங்குலம் குறைத்தால் ஆர்பிஎம் 150 முதல் 200 வரை ஏறும். பிள்ளைகளை ரியூபில் இழுக்க அது போதும்.