வந்தவர் கணக்கும் வராதவர் கணக்கும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் டிஸ்பென்சரி நடத்துகிறேன். ஒரு வருடக் கொப்பியைப் புரட்டினால் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்குப் பிரஷர். ஊர் மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு உயர் குருதியமுக்கம் என்று கட்டுரை எழுதலாமா?

பதில்: எழுதக் கூடாது. கொப்பியில் இருப்பவர்கள் உங்கள் வாசலுக்கு வந்தவர்கள். பிரஷர்காரர் மாதா மாதம் குளிசைக்கு வருவார். சுகமாய் இருப்பவர் ஏன் வரப்போகிறார்? 1961இல் அமெரிக்க, பிரித்தானியத் தரவுகளை வைத்து வெளியான ஒரு கணக்கு இன்றும் குடும்ப மருத்துவத்தில் பேசப்படுகிறது. 1000 பெரியவர்களில் ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதோ ஒரு வருத்தம் வருகிறது. வைத்தியரிடம் போகிறவர் 250 பேர், வாட்டில் படுக்கிறவர் 9 பேர், பல்கலைக்கழக ஆஸ்பத்திரி வரை போகிறவர் ஒருவர். ஆராய்ச்சி எல்லாம் அந்த ஒருவரின் கட்டிலைச் சுற்றியே நடப்பது வேறு கதை.

இன்ன வைத்தியரிடம்தான் பதிய வேண்டும் என்ற கட்டாயம் இலங்கையில் இல்லை. ஒரே ஆள் ஆஸ்பத்திரி கிளினிக்குக்கும் போவார், உங்களிடமும் வருவார், இடையில் பார்மசியிலும் குளிசை வாங்குவார். ஆகவே உங்கள் பொறுப்பில் மொத்தம் எத்தனை பேர், அதாவது எதனால் வகுப்பது, என்ற எண் உங்களிடம் இல்லை. வேறொரு கேள்விக்கு அதே கொப்பி நன்றாகப் பதில் சொல்லும். உங்களிடம் பிரஷருக்கு மருந்து எடுப்பவர்களில் கடைசியாக வந்தபோது 140/90க்குக் கீழே இருந்தவர் எத்தனை பேர்? மூன்று மாதமாக முகம் காட்டாதவர் எத்தனை பேர்? இங்கே வகுக்கும் எண் உங்கள் பட்டியலே. வரவுகளை எண்ணாமல் ஆட்களை எண்ணுங்கள். பன்னிரண்டு முறை வந்தவரும் ஒருவர்தான். முதலெழுத்தும் பெயரும் ஒத்தவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் என்பதால், ஆளுக்கொரு இலக்கம் கொடுத்து அட்டையில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: தொற்றுநோய் வாராந்த அறிக்கையில் உள்ள அம்பாறை டெங்கு எண்ணிக்கையை மாவட்டச் சனத்தொகையால் வகுத்தேன். வீதம் நம்ப முடியாத அளவு குறைவாக வருகிறதே?

பதில்: அந்த அறிக்கையில் எத்தனை வரிகள் என்று எண்ணிப் பாருங்கள். மாவட்டங்கள் 25, வரிகள் 26. சுகாதார நிர்வாகத்தில் கல்முனை தனிப் பிராந்தியம். சனத்தொகைக் கணக்கெடுப்பில் அது அம்பாறை மாவட்டத்துக்குள் அடங்கும். இரண்டு வரிகளையும் கூட்டிய பிறகு வகுங்கள்.

கேள்வி: திருக்கோவில் பக்கம் சீனி வருத்தம் பற்றி வீடு வீடாக ஆய்வு செய்யப் போகிறோம். 384 பேர் போதும் என்கிறார்கள். சரியா?

பதில்: 384 என்பது, எதிர்பார்க்கும் வீதத்தை 50 என்றும் பிழையைக் கூட்டிக் குறைத்து 5 சதவீதம் என்றும் வைத்து, ஆட்களைத் தனித்தனியே குலுக்கல் முறையில் எடுத்தால் வரும் எண். நீங்கள் அப்படி எடுக்கப் போவதில்லை. சில கிராம உத்தியோகத்தர் பிரிவுகளைத் தெரிந்து, அங்குள்ள வீடுகளுக்குப் போவீர்கள். ஒரே ஒழுங்கையில் இருப்பவர்களின் சாப்பாடும் தொழிலும் ஒத்திருப்பதால், பத்துப் பேரைக் கேட்டாலும் பத்துப் பேருக்குரிய புதுத் தகவல் கிடைக்காது. அதற்காக வழக்கமாக இரண்டால் பெருக்குவார்கள்: 768. பத்தில் ஒருவர் மறுப்பார் என்று வைத்து 0.9ஆல் வகுத்தால் 853. 30 இடங்களுக்குச் சமமாகப் பிரித்தால் இடத்துக்கு 29 பேர்.

எண் சரியாக இருந்தும் ஆய்வு கெடுவது வீட்டு வாசலில்தான். கிழமை நாளில் காலை பத்து மணிக்குப் போனால் ஆண்கள் கடலில் அல்லது வயலில். பெரும்போக வெட்டுக் காலமென்றால் கேட்கவே வேண்டாம். கதவு பூட்டியிருக்கிறது என்று பக்கத்து வீட்டில் கேட்டு நிரப்புவதுதான் பெரிய பிழை. வீட்டில் இருப்பவர் வேறு மாதிரியான ஆள்: வயது கூடியவர், வேலைக்குப் போக முடியாத வருத்தக்காரர். குறித்த வீட்டுக்கே மூன்று முறை போங்கள். ஒரு முறையாவது மாலையில் அல்லது விடுமுறை நாளில். அப்படியும் கிடைக்காவிட்டால் 'கிடைக்கவில்லை' என்றே எழுதுங்கள்.

குடும்பநல உத்தியோகத்தரின் தகுதியான குடும்பப் பதிவேட்டை வீட்டுப் பட்டியலாக எடுக்கும் ஆசையும் வரும். அது பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் உள்ள குடும்பங்களுக்கானது. தனியே வாழும் வயதான தம்பதியர் அதில் இருக்கமாட்டார்கள். சீனி வருத்தம் கூடுதலாகக் கிடைப்பது அவர்களிடம்தான்.

கேள்வி: தமிழ்நாட்டில் தயாரித்த தமிழ் வினாக்கொத்தை அப்படியே பாவிக்கலாமா?

பதில்: 'இடுப்பு வலி இருக்கிறதா?' என்று அதில் இருக்கும். மட்டக்களப்பில் 'நாரி நோ' (கீழ் முதுகு வலி) என்று கேட்டால் ஓம் என்பவர், 'இடுப்பு வலி' என்று கேட்டால் இல்லை என்பார். 'புகையிலை பாவிக்கிறீர்களா?' என்பதும் அப்படியே; பலருக்கு அது சுருட்டு பீடியைத்தான் நினைவூட்டும். 'வெற்றிலை போடுவீங்களா?' என்று தொடங்கி, 'அதுக்குள்ள புகையிலை வைப்பீங்களா?' என்று அடுத்ததாகக் கேளுங்கள். ஆய்வில் சேராத பத்துப் பேரிடம் முதலில் கேட்டு, கேள்வியை அவர்கள் எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஐந்து தொண்டர்கள் எடுத்த பிரஷர் அளவுகளை நம்பலாமா?

பதில்: கடைசி இலக்கத்தைப் பாருங்கள். கையால் காற்றடிக்கும் கருவியை இரண்டு இரண்டாக வாசிப்பதால் 0, 2, 4, 6, 8 ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வர வேண்டும். ஒருவரின் தாளில் பாதிக்கு மேல் 120, 130, 140 என்று பூச்சியத்தில் முடிந்தால் அவர் வாசிக்கவில்லை, மதிப்பிட்டிருக்கிறார். தானியங்கிக் கருவியில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பருத்த கைக்குச் சிறிய கஃப் சுற்றினால் அதுவும் கூட்டித்தான் காட்டும். தேத்தண்ணி, பீடி, வெற்றிலை முடிந்து அரை மணி நேரம் போக வேண்டும். முதுகு சாய்ந்து, கால் நிலத்தில் ஊன்றி, பேசாமல் ஐந்து நிமிடம் இருத்திவையுங்கள். கையை மேசையில் நெஞ்சு மட்டத்தில் வைத்து மூன்று முறை அளந்து, முதலாவதை விட்டு மற்ற இரண்டின் சராசரியை எழுதுங்கள். பூச்சியம் நிறைந்த தாள்களைக் கணினியில் திருத்த வழியில்லை. அந்த வீடுகளுக்கு இன்னொருவரை அனுப்பி மீண்டும் அளக்க வேண்டியதுதான்.