பாப்பா அசையுதுன்னு சும்மா இருந்துவிடலாமா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நான் கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன். அக்கா இறந்த பிறகு அவள் மகளை நான்தான் வளர்த்தேன். இப்போது அவளுக்கு 19 வயது. போன வருடம் காதல் கல்யாணம் செய்துகொண்டு வியாசர்பாடிக்குப் போனாள். ஏழாம் மாதம் நடக்கிறது. நேற்று முன்தினம் இரவு மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொல்கிறாள். அடிவயிற்றில் வலி. காலையில் துணியில் லேசாக ரத்தம் பட்டு, அப்புறம் நின்றுவிட்டதாம். "பாப்பா அசையுது, ஒண்ணுமில்ல" என்கிறார் மாமியார். வீட்டுக்காரர் குடித்துவிட்டு அவளை அடிப்பதாக அக்கம்பக்கத்தில் பேச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வெளியில் ஒரு ஸ்கேன் மட்டும் எடுத்துப் பார்த்தால் போதுமா?

பதில்: போதாது அம்மா. இதைப் படித்த கையோடு கிளம்புங்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் ராத்திரியானாலும் பிரசவ டாக்டர்கள் இருப்பார்கள். வண்டி கிடைக்காவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஏன் இந்த அவசரம் என்று சொல்கிறேன். வயிற்றில் அடிபட்டால் கர்ப்பப்பை அமுங்கி நிமிர்ந்துவிடும். அதன் சுவரில் ஒட்டியிருக்கும் நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, அப்படி வளைந்து கொடுக்காது, ஓரத்தில் பிய்ந்துகொள்ளும். அந்த ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தேங்கவும் செய்யும். அதனால் ரத்தம் நின்றுவிட்டது என்பதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ள முடியாது. குழந்தை அசைவது ஆறுதல்தான், ஆனால் அது அந்த நேரத்து நிலவரத்தை மட்டும்தான் சொல்லும். சின்னதாகப் பிய்ந்த நஞ்சு ஸ்கேனில் தெரியாமலே போவதும் உண்டு. அதனால்தான் இப்படி வருபவர்களைச் சில மணி நேரம் படுக்க வைத்து, குழந்தையின் இதயத் துடிப்பையும் வயிறு இறுகுகிறதா என்பதையும் விடாமல் கவனிக்கிறோம். வெளியில் எடுக்கும் ஸ்கேன் அதற்கு ஈடாகாது. வயிறு கல் மாதிரி இறுகினாலோ, தண்ணீர் கசிந்தாலோ, அசைவு குறைந்தாலோ, தலை சுற்றினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

அவளுடைய ரத்த வகை என்ன என்று பாருங்கள். நெகடிவ் என்றால், தாயின் ரத்தம் குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக வேலை செய்யாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி போட வேண்டியிருக்கும். அடிபட்ட 72 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. நேற்று முன்தினம் இரவிலிருந்து கணக்குப் போட்டால், உங்கள் கையில் இருக்கும் நேரம் கொஞ்சம்தான்.

இனி, நீங்கள் சந்தேகப்பட்டும் நேராகக் கேட்காமல் விட்ட விஷயத்துக்கு வருகிறேன். வடசென்னையில் பல வருடங்களாகப் பிரசவம் பார்க்கிறேன். வழுக்கி விழுபவர்களும் உண்டு. ஆனால் விழுகிறவள் பெரும்பாலும் உள்ளங்கையை ஊன்றுவாள், முட்டி சிராய்த்திருக்கும். வயிற்றை மறைக்கக் கையைக் குறுக்கே கொடுத்தவளுக்கு முன்கையின் வெளிப்பக்கம் கன்றிப் போயிருக்கும். ஒரு பெண்ணுக்கு ரத்த அழுத்தம் பார்க்க வளையல்களை மேலே தள்ளியபோது அதைத்தான் பார்த்தேன். வயது பதினெட்டோ பத்தொன்பதோ. நான் கேட்ட எல்லாவற்றுக்கும் கணவனே பதில் சொல்லிக்கொண்டிருந்தான். சீட்டு எழுதி வாங்கி வரச் சொல்லி அவனை வெளியே அனுப்பிவிட்டு, "யாராவது அடிச்சாங்களா கண்ணு?" என்றேன். வாய் திறக்கவில்லை. வளையலை மட்டும் இழுத்து அந்தக் காயத்தின் மேல் விட்டுக்கொண்டாள்.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், கர்ப்பமாக இருந்தபோது அடி வாங்கியதாகச் சொன்ன பெண்கள் நூற்றுக்கு மூன்று பேர். வாய்விட்டுச் சொன்னவர்களின் கணக்கு மட்டும்தான் அது. சின்ன வயதில் தாயாகிறவளுக்குச் சொல்வது இன்னும் கஷ்டம். கையில் காசு இருக்காது, போன் அவன் கையில் இருக்கும், காதலித்துப் போனதால் பிறந்த வீட்டுப் படியேற வெட்கப்படுவாள். உடம்பும் இன்னும் முழுசாகத் தேறியிருக்காது. ரத்தசோகையும் குறைமாதப் பிரசவமும் இந்த வயதில் ஏற்கெனவே அதிகம். அடியும் பட்டினியும் பயமும் சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது. செக்கப்புக்குப் பஸ் காசு தராமல் இருப்பது, இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடுவது, "இது யார் பிள்ளை" என்று கேட்டுக் குத்துவது, இதெல்லாமும் வன்முறைதான்.

அவளிடம் தனியாகப் பேசுங்கள். மாமியார் எதிரில் கேட்காதீர்கள். தலைக்கு எண்ணெய் வைத்துவிட உட்காரும்போது கேளுங்கள், முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியிருக்காது. "நீ என்ன பண்ணினே?" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். என்ன நடந்திருந்தாலும் சித்தி உன் பக்கம் என்று சொல்லுங்கள். கழுத்தைப் பிடித்தானா என்றும் கேளுங்கள். ஆமாம் என்றால், குரல் கம்மியிருந்தாலும் இல்லாவிட்டாலும், அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கழுத்தை நெரிப்பவன் உயிருக்கே ஆபத்தானவன்.

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஏழு மாத வயிற்றில் இறங்கிய கை அது. அதே நேரம் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அவனை மிரட்டவும் வேண்டாம். நீங்கள் தெரு திரும்பியதும் அந்தக் கோபம் அவள் மேல்தான் இறங்கும்.

போலீஸ் பயம் பற்றி. அடிபட்டு வந்ததாகச் சொன்னால் ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவுப் புத்தகத்தில் பதிவார்கள், போலீஸுக்குத் தகவலும் போகலாம். ஆனால் வைத்தியம் அதற்காகக் காத்திருக்காது. பின்னால் அவளுக்குப் பாதுகாப்பு தேவைப்படும்போது அந்தப் பதிவுதான் துணை நிற்கும். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில், அவனை ஜெயிலுக்கு அனுப்பாமலே, அவளை நெருங்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்க முடியும். இந்தச் சட்டத்தில், அந்த உத்தரவை மீறினால்தான் குற்றம். இந்தச் சட்டப்படி அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் சித்தியான நீங்களே தகவல் கொடுக்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181-க்கு எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது.

உங்கள் பெண்ணுக்கு 19 வயது. 18 வயது நிறையாத பெண் கர்ப்பமாக வந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி டாக்டர் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். அதற்குப் பயந்து சிலர் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள், கருவைக் கலைக்க மருந்துக்கடை மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். ரத்தம் நிற்காமல் கடைசி நேரத்தில் அழைத்து வரும்போது எங்களுக்கு மனது ஆறுவதில்லை. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட பிறகு அவளை அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டாம். ஏழாம் மாதம் என்கிறீர்கள். வளைகாப்பு போட்டுப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது நம் வழக்கம்தானே. சண்டை இல்லாமல் அவளை வெளியே கொண்டுவர அதைவிட நல்ல காரணம் கிடைக்காது. அக்கா இல்லாத இடத்தில் நீங்கள் நின்று அழைத்து வாருங்கள். பிள்ளை பிறந்ததும் அவன் திருந்திவிடுவான் என்று உடனே கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகும் அடி தொடர்வதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கிளம்பும்போது பிரசவ அட்டை, ஆதார், ஸ்கேன் ரிப்போர்ட் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒளித்து வைத்திருந்தால் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கு அரசு செய்யும் பிக்மி பதிவு அவளுக்கும் கம்ப்யூட்டரில் இருக்கும், கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் கேட்டால் எடுத்துத் தருவார்.