ஒன்றரை வயது மகன் இன்னும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. காத்திருக்கலாமா?

“இவன் அப்பனும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்” என்று பாட்டி சொல்வார். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். முதலில் காதைச் சோதியுங்கள். கூப்பிட்டால் திரும்புகிறான் என்பது போதாது. அரைகுறையாகக் கேட்கும் குழந்தையும் திரும்பும்.

2013-இல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்கீழ், மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் (குழந்தையின் வளர்ச்சிக் குறையைச் சிறு வயதிலேயே கண்டறிந்து பயிற்சி தரும் இடங்கள்) இயங்குகின்றன. குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர் ஒரே இடத்தில் பார்ப்பதுதான் இதன் சிறப்பு; கட்டணமில்லை. அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரும் மருத்துவக் குழு அனுப்பட்டும் என்று இருக்காமல் நேரே போங்கள்.

குறைபாட்டின் பெயர் உறுதியாகும்வரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மையத்தில் கிடைப்பது கொஞ்ச நேரம். மீதி உங்கள் கையில்: குளிப்பாட்டும்போது, சோறூட்டும்போது பேசிக்கொண்டே இருங்கள், அவன் பதிலுக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டு.