எச்.ஆர். படித்தவருக்கு டைம் ஆபீஸ் வேலை குறைச்சலா?

கேள்வி: எம்.பி.ஏ.வில் எச்.ஆர். (மனிதவளம்) எடுத்துப் படித்து முடித்து எட்டு மாதமாகிறது. சென்னை ஐ.டி. கம்பெனிகளுக்கு விண்ணப்பித்துச் சலித்துவிட்டேன். ஒரு இடத்துக்கு அவ்வளவு பேர் வருகிறார்கள். ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் வேலை (தொழிலாளர்களின் வருகை, மணிக்கணக்கு பார்ப்பது) தருகிறார்களாம், படிப்புக்குக் குறைச்சல் என்று தோன்றுகிறது. துறையையே மாற்றிவிடலாமா? — வாசகர், திண்டுக்கல்

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. போட்டி இருப்பது உண்மைதான், ஆனால் எல்லோரும் ரெஸ்யூம் பார்த்து ஆள் எடுக்கும் வேலைக்கே முண்டியடிக்கிறார்கள், ஐ.டி. கம்பெனி ஆள் எடுப்பதைக் குறைத்தால் முதலில் அடிபடுவதும் அதுதான். ஓசூர், ஒரகடம், திருப்பூர் பக்கம் போனால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), சம்பளப் பட்டியல் தெரிந்த பிள்ளை கிடைக்கவில்லையே என்கிறார்கள்.

ஒரு கணக்கு தருகிறேன். மொத்தச் சம்பளம் 18,000 ரூபாய், அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000. தொழிலாளியிடம் எவ்வளவு பிடிப்பீர்கள்? பி.எஃப். 13,000-க்கு 12 சதவீதம், 1,560. இ.எஸ்.ஐ. பழைய சட்டப்படி மொத்தத்துக்கு 0.75 சதவீதம், 135. இண்டர்வியூவில் இதைத் தடுமாறாமல் சொன்னாலே உங்களைக் கவனிப்பார்கள்.

நானும் ஒரு தொழிற்சாலை டைம் ஆபீஸில்தான் ஆரம்பித்தேன். ஒரு சம்பள நாளன்று ஜன்னலில் ஒருவர் சீட்டை நீட்டி, "சார், நாலு மணி நேரம் ஓ.டி. பார்த்தேன், வரலையே" என்றார். ரிஜிஸ்டரைப் புரட்டினால் அவருடைய மணிக்கணக்கு அடுத்த வரியில் இருந்தவர் பெயரில் ஏறியிருந்தது. ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலைக்கு இருமடங்குக் கூலி, அவருக்கு அது சின்னப் பணமில்லை. அன்றைக்கே திருத்தி வாங்கிக் கொடுத்தேன். அதன் பிறகு எந்தப் பிரச்சினை என்றாலும் அந்த ஷிப்ட் முழுக்க என்னிடம்தான் வரும். அந்த நம்பிக்கையை வகுப்பில் உட்கார்ந்து வாங்க முடியாது.

இப்போது நேரமும் நல்ல நேரம். 2025 நவம்பர் 21 முதல் 29 பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக 4 சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன, பழைய ஆட்களே திரும்பப் படிக்க வேண்டிய நிலை. தொழிற்சாலையில் நல அலுவலர் கட்டாயம் என்பது முன்பு 500 தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருந்தால் என்றிருந்தது, புதிய தொகுப்பில் 250 பேர் இருந்தாலே கட்டாயம். அந்தப் பதவிக்கு எம்.பி.ஏ. மட்டும் பல இடங்களில் போதாது, தொழிலாளர் நிர்வாகத்தில் டிப்ளமோவும் கேட்பார்கள். சென்னையில் அரசின் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தில் விசாரியுங்கள்.

அப்புறம், வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

டைம் ஆபீஸ் வேலை வந்தால் யோசிக்காமல் சேருங்கள். முதல் வருடம் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், ஷிப்ட் மாறும்போது காலை ஆறு மணிக்கு கேட்டில் நிற்க வேண்டிவரும். அதை வீட்டில் இப்போதே சொல்லிவையுங்கள்.